ஆமீன் சொன்ன பிறகு

மார்ச் 3

டீசல் வாங்கி வந்தேன். மோட்டார் ஓடும்போதே கிணற்றில் எட்டிப் பார்த்தேன். போன வருடம் தண்ணீர் நின்ற கல் இப்போது காய்ந்து கிடக்கிறது. அதற்கு ஒரு முழம் கீழே மினுங்குகிறது. ஒரு முழம் ஒன்றும் பெரிய விஷயமில்லை, மழை பெய்தால் ஏறிவிடும் என்றேன். மழை எங்கே பெய்கிறது என்று கேட்டாள் என் மனைவி துதா. ஐம்பது வருடமாக நான் எதைச் சொன்னாலும் இவளிடம் ஒரு கேள்வி தயாராக இருக்கிறது.

சாயங்காலம் பஸ்ஸூ வாசல் வரை வந்து போனான். ஊர்ப் பொது நிலத்துக்கு அவன்தான் நாயிப். அரசாங்கத்தின் முன்னால் ஊருக்காகக் கையெழுத்துப் போடுகிறவன். அவன் அப்பாவின் தோட்டத்தில் என் அப்பா ஐந்தில் ஒரு பங்கு விளைச்சலுக்கு உழைத்துச் செத்தார். நான் காஸாபிளாங்காவில் சுவர் எழுப்பி, வேலைநேரத்தில் ரொட்டி சுற்றி வந்த செய்தித்தாளைப் பார்த்தே எழுத்துக் கற்று, சேர்த்த காசில் இந்தக் கிணற்றையும் அதைச் சுற்றிய பேரீச்ச மரங்களையும் வாங்கினேன். பொது நிலத்தில் மட்டும் எங்கள் வகையறாவுக்கு இன்றைக்கும் பங்கு கிடையாது. கறுத்த தோல்காரனுக்கு மேய்ச்சல் நிலம் எதற்கு என்பது அவர்கள் கணக்கு.

பஸ்ஸூ என்னைவிட இருபது வயது இளையவன். இத்தனை வருடமும் என்னை ‘மோஹா’ என்றுதான் கூப்பிட்டான். இன்று ‘மோஹா அண்ணே’ என்றான்.

ஏதோ வேண்டியிருக்கிறது.

மார்ச் 5

என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

ஊருக்கு மேலே உள்ள பொது நிலத்தை ஒரு காஸாபிளாங்கா கம்பெனி குத்தகைக்கு எடுக்கப் போகிறது. ஆழ்துளைக் கிணறு, சோலார் மோட்டார், சொட்டு நீர், தர்பூசணி. பணம் அவர்களுடையது இல்லை. ஐரோப்பாவில் ஒரு நிதியம் போடுகிறது. லாபத்துக்கு மட்டும் போடுகிற பணம் இல்லையாம். பூமிக்கும் ஏழைக்கும் நல்லது நடக்க வேண்டும், லாபமும் வர வேண்டும், அப்படி ஒரு முதலீடாம்.

அந்த நிதியத்துக்கு ஒரு விதி உண்டு. நிலத்துக்குப் பங்குக்காரன் ஒப்புக்கொண்டால் போதாது. கீழே கிணறு வைத்திருப்பவனும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவன் மறுத்தாலும் பணம் வராது. கீழே கிணறு வைத்திருப்பவன் யார்? நான்தான்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. மோஹா சம்மதிக்காமல் ஒரு காரியம் நடக்காது என்று இதுவரை யாரும் விதி எழுதியதில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன்.

மார்ச் 11

வரிசையாக எழுத வேண்டும்.

பஸ்ஸூ வீட்டுக் கூடத்தில் ஊர்க்கூட்டம். நான் வழக்கம்போலச் செருப்புகள் கிடக்கும் பக்கம் உட்காரப் போனேன்; எங்கள் ஆட்கள் உட்காரும் இடம் அது. பஸ்ஸூ என் கையைப் பிடித்து அழைத்துப்போய் மேல் வரிசையில் இமாமுக்கு அடுத்த மெத்தையில் உட்கார வைத்தான். எதிரில் இருந்த கிழவர்களைப் பார்த்தேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. என் அப்பா அந்தக் கூடத்துச் சுவருக்கு வருடா வருடம் சுண்ணாம்பு அடித்தவர். அங்கே உட்கார்ந்ததில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். கம்பெனி மேலாளர் ரெதா, நகரத்துப் பையன், என்னை ‘ஹாஜி’ என்றான். நான் மக்காவுக்குப் போனதே இல்லை. இன்னொருத்தி அனெக், நிதியத்திலிருந்து வந்த பெல்ஜியம் பெண். தட்டுத்தடுமாறி எங்கள் அரபி பேசினாள். உலகம் சூடாவதற்கு நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் வெயில் உங்கள் தலையில்தான் விழுகிறது, அதைக் கொஞ்சமாவது சரிசெய்யத்தான் இந்தப் பணம் என்றாள். கேட்க நன்றாக இருந்தது. உண்மையும்கூட.

நான் எழுந்து கேட்டேன். “டீசல் மோட்டார்னா காசு தீர்ந்ததும் நிறுத்திடுவோம். சூரியனுக்குக் காசு கிடையாது. அதை யாரு நிறுத்துவா?”

செருப்புப் பக்கத்திலிருந்து எங்கள் ஆள் ஒருவன் சிரித்தான். ரெதா சிரிக்கவில்லை. ஒவ்வொரு போருக்கும் மீட்டர் வைப்போம், வருடத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு, சொட்டு நீருக்குப் பாதித் தண்ணீர் போதும் என்றான். அனெக் வரம்பைப் பற்றி மறுபடி கேட்டு எழுதிக்கொண்டாள். எங்கள் ஊற்று வடக்கு மலையிலிருந்து வருகிறது என்று நான் சொன்னேன். அவன் படத்தை விரித்து, இல்லை, கிழக்கிலிருந்து என்று காட்டினான். அவன் சொன்னதுதான் சரி. உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு சாப்பாடு. ஆட்டுக்கறியும் உலர்ந்த பிளம்ஸும். தொடைக்கறியை என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

கை கழுவியதும் பஸ்ஸூ இமாமைப் பார்த்து, “போன வருஷம் மவுத்தான எங்க அப்பாவுக்காகவும், இன்னைக்கு இந்த ஊரு ஒண்ணா எடுத்த நல்ல காரியத்துக்காகவும் ஒரு ஃபாத்திஹா ஓதுங்க” என்றான். ஒரே மூச்சில் சொன்னான். எல்லார் உள்ளங்கையும் விரிந்தது. இறந்தவருக்காக ஓதும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறவன் மனிதனா? நானும் விரித்தேன். ஆமீன் சொன்னேன். முகத்தைத் தடவிய பிறகுதான் அவன் சொன்ன இரண்டாவது பாதி எனக்கு உறைத்தது.

இல்லை. எனக்கு நானே பொய் எழுதக் கூடாது. அவன் சொல்லும்போதே உறைத்தது. மேல் வரிசையில் இருந்தேன். எழுந்து நின்று, இது இறந்தவருக்கு மட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இங்கே பெண் கொடுப்பதும், நிலம் மாறுவதும், கொலைப்பகை தீர்வதும் ஃபாத்திஹாவோடு முடிந்துவிடும். கையெழுத்து அரசாங்கத்துக்கு மட்டும்தான்.

மார்ச் 12

பஸ்ஸூ வந்தான். நான் ஒப்புக்கொள்ளவில்லை, உன் அப்பாவுக்காக ஓதினேன் என்றேன்.

“ரெண்டுக்கும் சேர்த்துத்தான அண்ணே ஓதினோம். என் தம்பி நிலத்துக்கு ஓதிட்டுப் பின்வாங்குனப்ப, அவன் வீட்டுல யாரும் நெருப்புக்கூட வாங்கக் கூடாதுன்னு பள்ளிவாசல் வாசல்ல நின்னு சொன்னது யாரு?”

நான்தான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன்.

மத்தியானம் அனெக் தனியாக, கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். துதா தேநீர் கொடுத்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். யாராவது வற்புறுத்தினார்களா என்று என்னிடம் நேராகக் கேட்டாள். நல்ல கண்கள். மனசார உதவி செய்ய வந்தவள்.

“ஓதிட்டோம்” என்றேன்.

உள்ளூர் வழக்கத்தைத் தாங்கள் மிகவும் மதிப்பதாகவும், அதையே என் சம்மதமாக எழுதிக்கொள்வதாகவும் சொன்னாள். மாதக் கடைசிவரை மனம் மாறினால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பரை எழுதித் துதாவிடம் கொடுத்தாள். என்னிடம் ஏன் கொடுக்கவில்லை?

மார்ச் 20

துதா மாவு டப்பா மூடியில் அந்த நம்பரை ஒட்டி வைத்திருக்கிறாள். எடுத்துப் போடச் சொன்னேன்.

“பஸ்ஸூ உங்கள ஏமாத்துனான். ஏமாத்தி வாங்குன வாக்கு வாக்கே இல்லன்னு இமாமே சொல்றாரு.”

“நான் ஆமீன் சொன்னேன்.”

“ஒரு மெத்தைக்குச் சொன்னீங்க.”

கையில் இருந்த கிளாஸை வைத்துவிட்டு வெளியே போனேன். இவளுக்கு என்ன தெரியும். நாளைக்கே நான் மாற்றிப் பேசினால் என்ன சொல்வார்கள்? அடிமைப் பயலை மேலே உட்கார வைத்தோம், புத்தியைக் காட்டிவிட்டான் என்பார்கள். எங்கள் ஆட்களில் இனி ஒருவனை அந்தக் கூடத்தில் வாசற்படி தாண்ட விடுவார்களா? சொல்ல மாட்டார்களா? சொல்லுவானுங்க. எனக்குத் தெரியாதா இவனுங்கள.

நான் திரும்பி வந்தபோது ஒன்று மட்டும் கேட்டாள். “தண்ணி போனா வார்த்தையக் குடிப்பீங்களா?”

மார்ச் 31

போன் செய்யவில்லை.

ஏப்ரல் 19

லாரி லாரியாகச் சோலார் தகடுகள். மேட்டு நிலம் முழுக்கக் கண்ணாடி பாவியதுபோல் இருக்கிறது. ஆடுகள் வேலியோரமாக நின்று பார்க்கின்றன. பள்ளிவாசல் சுவரில் பலகை வைத்திருக்கிறார்கள்: இவ்வளவு புகை குறைந்தது, இத்தனை பெண்களுக்கு வேலை.

ஜூலை 8

நியாயமாக எழுத வேண்டும். புருஷன் செத்தபின் வீடு வீடாகத் துணி துவைத்த ஃபன்னாவுக்கு அங்கே பெட்டி கட்டும் வேலை கிடைத்திருக்கிறது. ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறாள். வழியில் நிறுத்தி, “மாமா, எல்லாரையும் முறைக்கிறீங்களே, வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் ஜில்லுனு குடிச்சுட்டுப் போங்க, மனசு குளிரும்” என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 21

மோட்டார் காற்றை இழுக்கிறது. நிறுத்தினேன். மறுபடி போட்டேன். காற்று.

ஆகஸ்ட் 23

ரெதாவிடம் போனேன். மரியாதையாக உட்கார வைத்தான். அழைத்துப்போய் மீட்டரைக் காட்டினான். அவன் வரம்பைத் தாண்டவில்லை, நானே முள்ளைப் பார்த்தேன். ஆனால் அவர்களுக்கு விளைந்ததைப் பார்த்து, மேட்டுப் பக்கம் நிலம் உள்ள பணக்காரர்கள் ஆளுக்கு ஒரு போர் இறக்கிவிட்டார்கள். அதே தகடு, அதே மோட்டார். அவர்களுக்கு நிதியமும் இல்லை, வரம்பும் இல்லை, கேட்க ஒரு அனெக்கும் இல்லை.

“அதுக்கு நாங்க என்ன ஹாஜி செய்ய முடியும்?” என்றான்.

நல்ல காரியம் என்று ஒருவன் கதவைத் திறந்துவிடுகிறான். பின்னாலேயே யார் யார் நுழைகிறார்கள் என்று பார்ப்பது யார் வேலை?

செப்டம்பர் 15

கிணற்றை ஆழப்படுத்த ஆள் இறக்கினேன். பாறை. வெடி வைக்க அனுமதி வேண்டும், அனுமதிக்கு நிலப்பத்திரம் வேண்டும். எனக்குக் கிணற்றுக்குத்தான் பத்திரம் இருக்கிறது, அது இருக்கும் நிலத்துக்கு இல்லை.

இறங்கியவன் மேலே வந்து, ஈரமே இல்லை பாய், புகைதான் வருது என்றான். தூசியைச் சொல்கிறான்.

அக்டோபர் 10

பேரீச்சை அறுவடை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. காய்கள் விரல் நகம் அளவு, தோலும் கொட்டையும்தான். ஆட்டுக்குப் போட்டேன்.

கம்பெனி ஊருக்கு நடுவில் ஒரு குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறது, இலவசம். பத்து நாளைக்கு முன் நாடா வெட்டினார்கள். அந்தத் தண்ணீர் என் வீட்டுக்குள் வரக் கூடாது என்று துதாவிடம் சொன்னேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் பள்ளிவாசல் தொட்டியிலிருந்து கொண்டுவந்தேன். அதுவும் அந்தக் குழாயிலிருந்துதான் நிரம்புகிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்டோபர் 11

குடித்தேன். என்ன செய்ய.

ஜனவரி 17

அனெக் வந்தாள். இளைத்திருந்தாள். கிணற்றடியில் குனிந்து ஒரு கல்லைப் போட்டாள். கல் கல்லில் விழும் சத்தம் வந்தது.

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டாள். துதாதான் சொன்னாள், “அவருக்கு வாக்கு முக்கியம் மகளே. எனக்கு மரம் முக்கியம். ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்கோம்.”

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் கிணற்றைப் பற்றி எழுதுவேன் என்றாள். எழுதுவாள். அவள் எழுதுவதைப் படிப்பவர்களும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள்.

மார்ச் 26

நிதியம் தன் பங்கை விற்றுவிட்டதாம். பஸ்ஸூ சொன்னான். இத்தனை வருடத்தில் இவ்வளவு லாபம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தார்களாம்; அந்த லாபம் முன்னாலேயே கிடைத்துவிட்டதால் கிளம்பிவிட்டார்கள். தோல்வி இல்லை, வெற்றியாம். வாங்கியவன் அகாதிரில் பழம் ஏற்றுமதி செய்கிறவன். அவனுக்கு எந்த விதியும் கிடையாது.

“அப்ப மீட்டரு?” என்று கேட்டேன்.

“அது அவங்க கூடப் போட்ட ஒப்பந்தம் அண்ணே.”

“நாம ஓதினது?”

பஸ்ஸூ என் முகத்தைப் பார்க்கவில்லை. “அவங்க கூடத்தான ஓதினோம். இவங்க அன்னைக்கு இல்லையே.”

எனக்கு முதல்முறையாக அவன்மேல் கோபம் வரவில்லை. அவனுடைய மரங்களும் காய்ந்துதான் நிற்கின்றன. குத்தகைப் பணத்தில் ஸகோராவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான்.

ஜூன் 14

குழாய் காலையில் சிறிது நேரம்தான் வருகிறது. பெட்டி கட்டப் பெண்கள் வேண்டாம், இயந்திரம் வந்துவிட்டது. ஃபன்னா மறுபடி துணி துவைக்கிறாள். எந்தத் தண்ணீரில் என்று தெரியவில்லை.

ஜூன் 29

குழாய் நின்றுவிட்டது.

ரெதா இன்னும் அங்கேதான் மேலாளராக இருக்கிறான். போய், நீ அன்று கூட உட்கார்ந்து கை விரித்தவன், இமாமுக்கு இரண்டாவது ஆள், நீயாவது அதற்குக் கட்டுப்பட்டவன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். இந்தமுறை ஹாஜி என்று சொல்லவில்லை.

“மாமா, நான் சம்பளக்காரன். போர்டுல பேரு மாறிடுச்சு, எனக்கு முதலாளி மாறிட்டாரு. நான் ஓதினதெல்லாம் யாரு கணக்குல வரும், சொல்லுங்க.”

தன் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். துதாவுக்கு மாத்திரை போட வேண்டும்.

ஜூலை 2

இளவட்டங்கள் வேலியை உடைத்துப் பைப்பைத் திருப்பப் போகிறார்களாம். என்னை முன்னால் நிற்கச் சொல்லி வந்தார்கள். முதலில் எதிர்த்தவர் நீங்கள்தானே என்றார்கள்.

எதிர்த்தேன், பிறகு ஆமீன் சொன்னேன், வர மாட்டேன் என்றேன். எதிராளி வாக்கை உடைத்தால் அது அவன் பாடு. என்னுடையதை நான் உடைக்க மாட்டேன். ஒருவன் தரையில் துப்பிவிட்டுப் போனான். என் வகையறாப் பையன்தான்.



ஜூலை 4

வேலியை உடைத்ததற்காகப் போலீஸ் வந்து நாலு பேரைக் கொண்டுபோயிருக்கிறது. நாலு பேரும் செருப்புப் பக்கம் உட்காருகிறவர்களின் பிள்ளைகள். பஸ்ஸூ வகையறாவில் ஒருவரும் இல்லை. அவர்களும் அங்கே இருந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் ஏன் போகவில்லை? நான் போயிருந்தால் என்னையும் கொண்டுபோயிருப்பார்கள். கொண்டுபோகட்டுமே. இந்த வயசுல எனக்கு என்ன கிழிஞ்சிடப் போவுது? நான் யாருக்கு வாக்குக் கொடுத்தேன்? யாரு இருக்கா இப்ப, திருப்பிக் கேக்க?

ஜூலை 5

நேற்று எழுதியதை அடிக்க மாட்டேன். ஆனால் நான் மாறவில்லை.

செப்டம்பர் 9

வாரத்துக்கு ஒருமுறை லாரித் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும். மரத்துக்கு ஒரு சொட்டும் கிடையாது. தாழ்ந்த மட்டைகள் தொங்கிவிட்டன. நடுக்குருத்து மட்டும் பச்சையாக இருக்கிறது. அதுவரைக்கும்தான் உயிர்.

மராகேஷிலிருந்து ஒரு ஆள் ஊர் ஊராக வந்து பேரீச்ச மரம் பார்க்கிறான். ஹோட்டல்களுக்கு வேண்டுமாம். கன்று வைத்து வளர்க்கப் பொறுமை இல்லை, வளர்ந்த மரத்தை வேர்மண்ணோடு பெயர்த்துக் கொண்டுபோய் நடுகிறார்கள். உயரமான மரம்தான் வேண்டும். குருத்து உயிரோடு இருந்தால் போதும்.

என் மரங்களைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்தான். விலை சொன்னான். கிளம்பு என்றேன்.

அக்டோபர் 22

இரண்டு மரத்தில் குருத்து சாய்ந்துவிட்டது.

துதா அந்த இரண்டின் அடியிலும் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் குண்டானை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். திருடி மாதிரி. என் மரத்துக்கு, என் வீட்டுத் தண்ணீரை.

அக்டோபர் 30

மராகேஷ் ஆளுக்கு ஆள் அனுப்பினேன்.

விலை பேசவில்லை. அங்கே எப்படித் தண்ணீர் விடுவார்கள் என்று மட்டும் கேட்டேன். அவனுக்கு முதலில் கேள்வி புரியவில்லை.

“காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. குழாய் தானா திறக்கும், தானா மூடும். நீச்சல் குளத்துப் பக்கம் நிக்கப் போகுது மாமா, அதுங்களுக்கு என்ன குறை?”

சரி என்றேன். இந்தமுறை யாரும் எதுவும் ஓதவில்லை.

நவம்பர் 6

கிரேன் வந்தது. வேரைச் சாக்கில் சுற்றி, மட்டைகளைக் கூட்டிக் கட்டி, படுக்கவைத்து ஏற்றினார்கள். செத்த இரண்டை விட்டுவிட்டார்கள். துதா வெளியே வரவில்லை. கடைசி லாரி திரும்பும்போது மட்டும் கதவருகே வந்து, சாக்கை நனைத்துவிட்டுத்தானே போகிறார்கள் என்று கேட்டாள். நனைத்திருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த தண்ணீர்.

நவம்பர் 7

தோட்டம் முழுக்கக் குழி. அண்டை வீட்டு ஆடு ஒன்று விழுந்துவிட்டது, தூக்கி விட்டோம். மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். துதாவும் வந்தாள். மூன்று குழி மூடினோம். இருட்டிவிட்டது. மீதி நாளைக்கு.